ஆணை சுமந்தவர்கள் – 7: வாள் போனது, டவாலி வந்தது

கடந்த இரண்டு வாரங்களில் ஓடுகிறவர்களைப் பார்த்தோம். முதலில் ஹர்காரா. பாரசீக மொழியில் 'எல்லா வேலையும் செய்பவன்' என்று பொருள்படும் பெயர். ஒற்றனும் அவனே, தூதனும் அவனே. அடுத்து, சலங்கை கட்டிய ஈட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு காட்டுவழியில் ஓடிய தப்பால்காரர்.

இந்த வாரம் வருபவர் ஓடுகிறவர் அல்லர். பெரும்பாலும் ஒரு கதவுக்கு வெளியே நின்றவர். உள்ளே அமர்ந்திருக்கும் அதிகாரியின் தாளை வாங்கி, அது போகவேண்டிய இடத்தில் சேர்ப்பார். தாள் கைமாறும் அந்த ஒரு நொடியில் அரசாங்கமே அவர் உருவில் வந்து நிற்கும்.

தமிழ்நாட்டில் அவருக்குப் பல பெயர்கள். பியூன், சேவகன், தபேதார், டவாலி. அந்தப் பெயர்களுக்குள்தான் இந்த வாரக் கதை இருக்கிறது.

* * *

ஒரு பட்டை, ஒரு வில்லை

'டவாலி' என்றவுடன் ஓர் உருவம் கண்ணில் வரும். வெள்ளை உடுப்பு. தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காக இறங்கும் சிவப்புப் பட்டை. பட்டையின் நடுவே கையகலப் பித்தளை வில்லை; அதில் அலுவலகத்தின் பெயர்.

'தவால்' என்றால் பாரசீகத்தில் தோல்வார். அது உருது வழியாக வந்து தமிழில் டவாலி ஆனது. முதலில் அது பட்டையின் பெயர். பிறகு பட்டையை அணிந்த மனிதருக்கும் அதுவே பெயராகிவிட்டது. அவருடைய சொந்தப் பெயர் கச்சேரிக்குள், அதாவது அரசு அலுவலகத்துக்குள், யாருக்கும் தேவைப்படவில்லை.

இந்த வழக்கம் தமிழுக்கு மட்டும் உரியதும் அல்ல. வங்காள மாகாணத்தில் இதே ஆளுக்கு 'சப்ராசி' என்று பெயர். 'சப்ராஸ்' என்பது அந்த வில்லை. பம்பாய் மாகாணத்தில் 'பட்டேவாலா', அதாவது பட்டைக்காரர். சென்னை மாகாணத்தில் மட்டும் வெள்ளைக்காரர்கள் வேறொரு சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள்: பியூன்.

சப்ராசியும் பட்டேவாலாவும் டவாலியும் அவர் எதை அணிந்தார் என்று சொல்லும் பெயர்கள். 'பியூன்' அவர் முன்பு யாராக இருந்தார் என்று சொல்கிறது.

* * *

கப்பலில் வந்த காலாள்

இலத்தீனில் கால் என்பதற்கு 'பெஸ்'. அந்த வேரிலிருந்து பிறந்தது போர்த்துகீசியரின் 'பியாவ்', பொருள், காலாள். குதிரையில்லாமல் நடந்துபோய்ச் சண்டையிடும் வீரன். சதுரங்கப் பலகையில் முன்வரிசையில் நிற்கும் காய்க்கும் போர்த்துகீசிய மொழியில் அதுதான் பெயர். தமிழில் அந்தக் காயைக் காலாள், சிப்பாய் என்கிறோம். ஆங்கிலத்தில் அது 'பான்'. அதுவும் அதே இலத்தீன் வேரில் முளைத்த சொல்தான்.

1498-ல் வாஸ்கோட காமா கோழிக்கோட்டுக் கரையில் இறங்கினார். 1510-ல் கோவா போர்த்துகீசியர் வசமானது. அடுத்த சில பத்தாண்டுகளில் மயிலாப்பூரிலும் நாகப்பட்டினத்திலும் அவர்கள் குடியேறினார்கள். உள்ளூரில் கூலிக்கு எடுத்த வாள்வீரர்களையும் வேல்வீரர்களையும் 'பியாவ்' என்று அழைத்தார்கள்.

1639-ல் சென்னையில் இடம் வாங்கிய ஆங்கிலேயர் இந்தச் சொல்லையும் போர்த்துகீசியரிடமிருந்தே எடுத்துக்கொண்டார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் தொடக்ககாலப் பதிவுகளில் வரும் பியூன் ஆயுதம் தாங்கியவர். பண்டகசாலைக்குக் காவல் நிற்பார்; பல்லக்குக்கு முன்னால் நடப்பார்; வழியில் தொல்லை வந்தால் வாளை உருவுவார். கடிதம் கொண்டுபோவதும் அவர் வேலையில் சேர்த்தி. ஆபத்தான வழியில் கடிதம் போய்ச் சேர வேண்டுமானால் அதைக் கொண்டுபோகிறவன் சண்டை தெரிந்தவனாக இருக்க வேண்டும் அல்லவா?

ஆக, அன்று வீரனும் தூதனும் ஒரே ஆள். அந்த ஒருவர் எப்போது இருவரானார்?

அதற்கு நாம் கடலூருக்குப் போகவேண்டும்.

* * *

1746, கடலூர்

அந்த ஆண்டு செப்டம்பரில் சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்தது. தப்பிய ஆங்கிலேயருக்குச் சோழமண்டலக் கரையில் மிஞ்சிய முக்கியமான இடம், கடலூரை ஒட்டிய செயின்ட் டேவிட் கோட்டை.

அடுத்து நடந்தது அதைவிடப் பெரிய அதிர்ச்சி. ஆற்காட்டு நவாப் அன்வருதீனின் மகன் மாபூஸ்கான் சென்னையைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து மீட்கப் பெரும் படையோடு வந்தார். சுமார் 10,000 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அடையாற்றங்கரையில் பரதி என்ற பிரெஞ்சு அதிகாரி அவரை எதிர்கொண்டார். பரதியிடம் இருந்தவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. அவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியர் அல்லர். புதுச்சேரியில் பயிற்சி பெற்ற இந்தியச் சிப்பாய்கள்.

நவாபின் படை சிதறியது.

அந்தப் போரைக் கேள்விப்பட்ட எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டிருப்பார்கள். அதே மண்ணில் பிறந்தவர்கள், அதே சோற்றைத் தின்பவர்கள். வரிசையில் நின்று ஒரே நேரத்தில் சுட்டதும் எப்படி இந்த வித்தியாசம் வந்தது?

விடை பயிற்சியில் இருந்தது. பழைய துப்பாக்கியில் கனலும் திரியை வைத்துச் சுட வேண்டும். மழை வந்தால் திரி அணைந்துவிடும். புதிய துப்பாக்கியில் சக்கிமுக்கிக் கல் தீப்பொறி தரும். மருந்துப் பொட்டலத்தின் முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, குழாயில் கொட்டி, குண்டைப் போட்டு, கோலால் இடித்து, தோளில் ஏற்றிச் சுட வேண்டும். பழகிய கைக்கு இது நிமிடத்தில் இரண்டு மூன்று முறை முடியும். முன்வரிசை சுட்டு முடிக்கையில் பின்வரிசை சுடத் தயாராக இருக்கும். குதிரைப் படை நெருங்குவதற்கு இடைவெளியே கிடைக்காது.

செயின்ட் டேவிட் கோட்டையில் அப்போது இருந்தவர்கள் சுமார் 200 ஐரோப்பியர், 100 தொப்பாசிகள். தொப்பாசி என்றால் போர்த்துகீசியக் கலப்பு வழியில் வந்த துப்பாக்கி வீரர். பிரெஞ்சுப் படை எந்த நேரமும் வரலாம். கம்பெனி அவசரமாக 2000 பியூன்களை வேலைக்கு எடுத்தது.

யார் இந்த 2000 பேர்? அந்தக் காலத்தின் போர்களை எழுதிவைத்த இராபர்ட் ஆர்ம், பியூன்களின் கையில் இருந்தவற்றைச் சொல்கிறார். திரித் துப்பாக்கி, வாள், கேடயம், வில், ஈட்டி. எல்லாம் அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்தவை. சீருடை கிடையாது, அணிவகுப்பு தெரியாது.

அவர்களுக்குள் எண்ணூறு தொள்ளாயிரம் துப்பாக்கிகள் பிரித்துத் தரப்பட்டன.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். துப்பாக்கி கொடுத்தார்கள், அதைக் கையாளும் பயிற்சியைக் கொடுக்கவில்லை. இந்தியரை ஐரோப்பிய முறையில் பழக்கும் எண்ணம் அப்போது ஆங்கிலேயருக்கு வரவேயில்லை என்று ஆர்ம் எழுதுகிறார். பக்கத்திலேயே, புதுச்சேரியில், பிரெஞ்சுக்காரர் அதைச் செய்துகாட்டிய பிறகும்.

டிசம்பரில் பிரெஞ்சுப் படை பெண்ணையாற்றைக் கடந்து வந்தது. மஞ்சக்குப்பத்தில் கம்பெனியின் தோட்ட வீட்டைப் பிடித்தது. பியூன்கள் வரிசையில் நின்று மோதவில்லை. புதர்களின் மறைவிலிருந்தும் வேலிக்குப் பின்னாலிருந்தும் சுட்டார்கள், இடம் மாறினார்கள், மீண்டும் சுட்டார்கள். நவாபின் படை உதவிக்கு நெருங்கி வந்ததும் பிரெஞ்சுக்காரர் ஆற்றைக் கடந்து திரும்பினார்கள். கோட்டை தப்பியது.

அந்த வெற்றியில் பியூன்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் கம்பெனி கற்றுக்கொண்ட பாடம் அடையாற்றங்கரையின் பாடம்.

* * *

ஒரு சொல் இரண்டாகிறது

1748 சனவரியில் மேஜர் ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ் செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். கூலிக்கு வந்த வீரர்களைச் சிறு படைப்பிரிவுகளாகப் பிரித்து ஒழுங்குக்குள் கொண்டுவரும் வேலை தொடங்கியது. அடுத்த பத்தாண்டுகளில் அந்தப் பிரிவுகள் பட்டாளங்களாக வளர்ந்தன.

பயிற்சி பெற்றவருக்குப் புதுப் பெயர் வேண்டியிருந்தது. பிரெஞ்சுக்காரர் வழங்கிவந்த பெயரே நிலைத்தது. பாரசீகத்தில் 'சிபாஹி', தமிழில் சிப்பாய். ஐரோப்பிய வீரரைப் புதுச்சேரித் தமிழர் 'சொல்தா' என்றார்கள். அந்த ஊரில் இன்றும் பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவருக்கு அதுதான் பெயர்.

இந்தப் பிரிவு சிலரை எங்கோ கொண்டுபோனது. முகம்மது யூசுப்கான், நாம் மருதநாயகம் என்று அறிந்தவர், சிப்பாய்ப் படையில் உயர்ந்து கம்பெனிச் சிப்பாய்கள் அனைவருக்கும் தளபதியானார், மதுரையை ஆண்டார், 1764-ல் அதே கம்பெனிக்கு எதிரியாகித் தூக்கில் தொங்கினார். சிப்பாய் என்ற சொல் புகழுக்கும் பலிக்கும் ஒருசேர வழி திறந்தது.

வரிசையில் சேராதவர் பழைய பெயரிலேயே தங்கிவிட்டார். அவர் பியூன். போர்க்களம் அவரைக் கைவிட்டது. பண்டகசாலையும் கச்சேரியும் அவரை வைத்துக்கொண்டன.

அன்றிலிருந்து சிப்பாய் என்றால் படை, பியூன் என்றால் ஏவல். இரண்டும் ஒரே காலாளின் பிள்ளைகள்.

* * *

சுற்றிலும் வீரர்கள்

இது பியூனுக்கு மட்டும் நேர்ந்த கதையாக இருந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். நம்மைச் சுற்றியுள்ள மொழிகளைப் பாருங்கள்.

கேரளத்தில் அலுவலக ஏவலருக்குப் பெயர் 'சிபாயி'. மராட்டியிலும் 'ஷிபாயி'. படைவீரனின் பெயரே அங்கே கோப்பு தூக்குகிறது. கன்னடத்தில் 'ஜவானா', வடக்கே ஜவான் என்றால் எல்லைக் காவல் வீரர். கர்நாடக அரசில் 'தலாயத்' என்றொரு பதவியும் உண்டு. 'டால்' என்றால் கேடயம். கேடயம் ஏந்தியவன் தலாயத். தெலுங்கில் 'பண்ட்ரோது'. பழைய பொருள் காலாள். இன்றைய பொருள் பியூன்.

கலெக்டருக்கு முன்னால் நடக்கும் 'தபேதார்' என்ற பெயரும் இராணுவத்திலிருந்து வந்ததே. இந்தியக் குதிரைப் படையில் அது ஹவில்தாருக்கு நிகரான பதவி.

தமிழின் சொந்தக் கணக்கு இன்னும் ஆழம். சேவகம் என்றால் பழந்தமிழில் வீரம், சேவகன் வீரன். சோழர் காலத்தில் குதிரைப் படையினர் 'குதிரைச் சேவகர்'. நரியைப் பரியாக்கிய திருவிளையாடலில் குதிரையில் வந்த சிவனையும் சைவ மரபு குதிரைச் சேவகன் என்றே போற்றுகிறது. இறைவனுக்குச் சூட்டிய அந்தப் பெயர்தான் பிற்காலத்தில் தாசில்தார் கச்சேரியில் ஓலையைத் தூக்கிக்கொண்டு நின்றது.

இத்தனை மொழிகளில் ஒரே சரிவு. அரசு நிலைபெறும்வரை ஆணையைக் கொண்டுசெல்பவனுக்கு ஆயுதம் தேவை. அரசு வேரூன்றியபின் தாளே போதும், தாளைக் காட்ட ஓர் ஆள் போதும். ஆயுதத்தை வாங்கிக்கொண்ட அரசு, பெயரை மட்டும் அவரிடமே விட்டுவைத்தது. ஏவலர் என்று நாம் எண்ணுகிற பலரின் பதவிப் பெயரிலும் ஒரு வீரனின் பெயர் புதைந்திருக்கிறது. இதை நாம் மறந்திருக்கக் கூடாது.

* * *

வாள் போனபின் தடி

ஆனால் வாளை இழந்தவுடன் பியூன் சாதுவாகிவிடவில்லை. கதையின் இருண்ட பக்கம் இங்கேதான் வருகிறது.

1801-ல் ஆற்காட்டு நவாபின் கர்நாடகப் பகுதி கம்பெனியின் ஆட்சிக்குள் வந்தது. கலெக்டர், அவருக்குக் கீழே தாசில்தார், தாசில்தாருக்குக் கீழே கச்சேரிச் சேவகர். நிலவரி தண்டுவதும் ஊர்க்காவலும் ஒரே வரிசையின் கையில். 1816-ன் சட்ட ஒழுங்குகள் அந்தப் பிணைப்பை இறுக்கின.

வரி பாக்கி வைத்தவர் வாசலில் சேவகன் வந்து உட்காருவான். அவன் படிச்செலவும் பாக்கிக்காரர் தலையில் விழும். அந்தப் படியை ஆங்கிலேயர் 'பாட்டா' என்றார்கள். இன்று ஓட்டுநர்களுக்குத் தருகிற பேட்டா அதே சொல். கடனை அடைக்கவே பணமில்லாதவர், கடனைக் கேட்க வந்தவனுக்கும் சோறு போட வேண்டும்.

அதற்கும் பணம் பெயரவில்லை என்றால்?

சென்னை மாகாணச் சித்திரவதைகளை விசாரித்த மூவர் குழு 1855-ல் அறிக்கை தந்தது. பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் எழுந்த கேள்விகளுக்குப் பிறகு அமைந்த குழு அது. அதன் பக்கங்களில் இரண்டு தமிழ்ச் சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

ஒன்று, அண்ணாந்தாள். ஆளைக் குனியவைத்துக் கழுத்தையும் கால் பெருவிரலையும் கயிற்றால் பிணைத்து வெயிலில் நிறுத்துவது. முதுகில் கல் ஏற்றுவதும் உண்டு.

மற்றொன்று, கிட்டி. இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரல்களை வைத்து நெரிப்பது.

உத்தரவு மேலிருந்து வந்தாலும் கயிற்றைக் கட்டியவை கச்சேரிச் சேவகரின் கைகள். மாதம் சில ரூபாய்ச் சம்பளம் வாங்கும் ஏழை, தன்னைப் போன்ற இன்னோர் ஏழையின் விரலை நெரித்தார். மேலே இருந்த வெள்ளை அதிகாரிகளுக்கு இது தெரியாமல் நடந்தது என்று சொன்னவர்கள் உண்டு. இத்தனை ஊர்களில், இத்தனை ஆண்டுகள் நடந்ததை அறியாதிருந்தேன் என்பதைவிடப் பெரிய குற்ற ஒப்புதல் ஓர் ஆட்சிக்கு உண்டா?

* * *

இரண்டாவது பிரிவு

நோயின் வேரைக் குழு சரியாகவே கண்டது: வரி கேட்பவனும் காவல் காப்பவனும் ஒருவனாக இருப்பது. 1859-ல் 24-ஆம் சட்டம் வந்தது. சென்னை மாகாணத்தில் தனிப் போலீஸ் படை உருவானது. வில்லியம் ராபின்சன் அதற்குத் தலைமை ஏற்றார். அடிக்கும் அதிகாரமும் பிடிக்கும் அதிகாரமும் அந்தப் படையின் பக்கம் போயின.

கடலூரில் வாள் சிப்பாயிடம் போனது. 1859-ல் தடி கான்ஸ்டபிளிடம் போனது. இதற்கிடையே 1854-ன் அஞ்சல் சட்டம் ஊர்க்கடிதங்களைத் தபால்துறையிடம் கொடுத்திருந்தது.

சேவகரிடம் மிஞ்சியது அலுவலகத் தாள் மட்டும்.

அதோடு அந்தப் பட்டையும். எழுத்தறியாத ஊருக்குள் ஒருவர் தாளோடு நுழைந்தால், அது அரசின் தாள் என்று யார் நம்புவார்கள்? வில்லையைப் பார்த்தால் நம்புவார்கள். தாளில் இருப்பதைப் படிக்கத் தெரியாதவரும் பித்தளையின் பளபளப்பைப் படித்துவிடுவார். ஆயுதம் கொடுத்த அச்சத்தை இனி உலோகத் தகடு கொடுக்க வேண்டும். வில்லையைத் துலக்கி வைப்பது கடமையாயிற்று.

* * *

இன்றைய வாசலில்

பியூன் என்ற பெயர் அரசு ஏடுகளில் மறைந்து, அலுவலக உதவியாளர் என்றாகிவிட்டது. மத்திய அரசில் கடைநிலைப் பணிகளை ஒன்றாக்கிப் பல்பணி ஊழியர் என்கிறார்கள். மரியாதையான மாற்றம், வரவேற்க வேண்டியது.

பழைய கோலம் சில வாசல்களில் நிற்கிறது. 1862-ல் தொடங்கிய சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிக்கு முன்னால் கோலேந்தி நடப்பவர் இன்றும் 'சோப்தார்'. சோப் என்றால் கோல், தார் என்றால் உடையவர். முகலாய அரண்மனைப் பெயர் அது. 2022-ல் ஒரு பெண் முதன்முறையாக அந்தக் கோலை ஏந்தினார். காலங்காலமாக ஆண்களின் ஆயுதத்தையும் ஆணையையும் சுமந்த பதவி வரிசையில் அது ஒரு திருப்பம்.

டவாலியின் கதை இங்கே ஓரளவு அடங்குகிறது. வாள், தடி இரண்டையும் இழந்து, அச்சம் குறைந்து, மரியாதை வந்திருக்கிறது.

ஆனால் அதே காலத்தில், அதே கச்சேரி வளாகத்தில், இன்னொரு தூதர் எதிர்த்திசையில் நடந்தார். அவர் கையில் வாளும் இல்லை, தடியும் இல்லை. நீதிமன்றம் கொடுத்த தாள் ஒன்று. அதைக் கதவில் ஒட்டிவிட்டுப் போனாலே போதும், வீட்டில் அன்று அடுப்பு எரியாது. ஜப்தி என்ற சொல்லோடு சேர்த்தே தமிழ்நாடு அவரை நினைவில் வைத்திருக்கிறது.

அவர் அமீனா.

'அமீன்' அரபுச் சொல். பொருள், நம்பிக்கைக்குரியவர். நபிகள் நாயகத்தை மக்காவின் மக்கள் வாழ்த்தி அழைத்த பெயரும் அதுவே. இத்தனை உயர்ந்த பெயரைத் தாங்கி வந்தவரைக் கண்டு நம் ஊர்கள் கதவைச் சாத்திக்கொண்டது ஏன்? நம்பிக்கை என்ற சொல் அச்சமாக மாறியது யார் கையில்: சட்டம் எழுதியவர் கையிலா, கடன் கொடுத்தவர் கையிலா?

(தொடரும்)